ரிவர்ஸ் ஆங்கிள்: சினிமாவிலும் மைதானத்திலும் ஒன்றுதானா?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டிவியில் கால்பந்து பார்க்கிறார். கோல் விழுந்ததும் நாலைந்து ரீப்ளே வருகிறது. அதில் ஒன்றுக்கு மட்டும் திரையின் மூலையில் ‘ரிவர்ஸ் ஆங்கிள்’ என்று எழுத்து வருகிறது. சினிமா படிக்கும் நண்பரோ, இருவர் பேசும் காட்சியில் எதிரே இருப்பவரின் முகத்தைக் காட்டும் ஷாட்டுக்குத்தான் அந்தப் பெயர் என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா என்பது கேள்வி. எனக்கு அதன் பின்னால் இன்னொரு கேள்வி தெரிகிறது: சினிமாவில் நூறு முறை ரிவர்ஸ் வந்தாலும் யாரும் எழுத்துப் போடுவதில்லை, விளையாட்டில் மட்டும் ஏன் போட வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும்.

நான் முதலில் சினிமாவில் உதவி ஒளிப்பதிவாளராக இருந்தேன். பிறகு மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டியான ஓபி வேனுக்குள் போய், உள்ளூர் கிரிக்கெட், வாலிபால், கபடி நேரலைகளில் எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சர் முன்னால் உட்கார்ந்தேன். பெரிய சர்வதேசக் கால்பந்து ஒளிபரப்பில் வேலை செய்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் தொழில் கண்ணோடு பார்த்ததும், அதில் இருந்தவர்களிடம் கேட்டதும்தான்.

சினிமாவிலிருந்து தொடங்குவோம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவரின் மூக்கிலிருந்து மற்றவரின் மூக்குக்குத் தரையோடு ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். செட்டில் இதை இமேஜினரி லைன் என்போம், சுருக்கமாக லைன். கேமரா இந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாகவே இருக்க வேண்டும் என்பது பாலபாடம். இடது பக்கம் இருப்பவரின் க்ளோஸப்பில் அவர் திரையின் வலப்பக்கம் பார்ப்பார். அடுத்து எதிராளியின் க்ளோஸப் எடுக்கும்போது கேமரா சுற்றி வரும், ஆனால் கோட்டைத் தாண்டாது. அதனால் அவர் திரையின் இடப்பக்கம் பார்ப்பார். இரண்டையும் ஒட்டினால் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். இந்த இரண்டாவது ஷாட்தான் ரிவர்ஸ். நம் ஊர் யூனிட்டில் கவுண்ட்டர் என்று சொல்லுவதுதான் அதிகம். முன்னால் இருப்பவரின் தோள் தெரிந்தால் சஜஷன், தெரியாவிட்டால் க்ளீன். பார்வையின் திசைக்குப் பெயர் லுக். ‘லுக் தப்பு’ என்று எடிட்டர் சொன்னால் எங்கோ லைன் தாண்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது, சினிமாவின் ரிவர்ஸ் முழுதாகத் திரும்புவதில்லை. பெயரைக் கேட்டால் நேர் எதிர்ப்பக்கம் போனது போலத் தோன்றும். உண்மையில் அரைவட்டத்துக்குள்ளேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது, அவ்வளவுதான். கோடு அப்படியே இருக்கிறது, நாமும் அதன் இந்தப் பக்கமே இருக்கிறோம். அமெரிக்கப் படங்களில் இந்தப் பழக்கம் 1910களின் இறுதிக்குள் நிலைபெற்றுவிட்டது. பேசும் படம் வருவதற்கு முன்பே வந்த வழக்கம் இது.

இப்போது கால்பந்துக்கு வாருங்கள். இங்கே கோடு எது? ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு மைதானத்தின் நடுவே ஓடும் கோடு. பிரதான கேமராக்கள் அத்தனையும் ஒரே பக்க ஸ்டாண்டில் இருக்கும். நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில் ஒன்று, அதன் அருகிலேயே நெருக்கமாக எடுக்க இன்னொன்று, இரண்டு பெனால்டி பகுதிகளுக்கு நேராக ஆளுக்கொன்று. எல்லாம் ஒரே பக்கம் என்பதால் முதல் பாதி முழுக்க ஒரு அணி திரையில் வலப்பக்கமாகவே தாக்கும். எந்தக் கேமராவுக்கு மாறினாலும் திசை மாறாது. பார்ப்பவர் யோசிக்காமலேயே ‘நம்ம ஆளுங்க அந்தப் பக்கம்’ என்று பழகிவிடுகிறார்.

மைதானத்தின் மறுபக்கத்தில், எதிர் ஸ்டாண்டில், தனியாக ஒரு கேமரா இருக்கும். அதுதான் ரிவர்ஸ் கேமரா. அது கோட்டை நிஜமாகவே தாண்டியது. வலப்பக்கம் ஓடியவர் அதில் இடப்பக்கம் ஓடுவார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு இடமிருந்து வலமாகப் போகும் பஸ், அந்தப் பக்கம் நிற்பவருக்கு வலமிருந்து இடமாகப் போவது மாதிரி. பஸ் ஒன்றுதான், ஆனால் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து ஒட்டிவிட்டால் எதிரே இன்னொரு பஸ் வருவதுபோல் தோன்றும். அந்தக் குழப்பத்துக்குத்தான் மூலையில் எழுத்து. கோலுக்குப் பின்னால் இருக்கும் கேமராவின் ரீப்ளேக்கு எழுத்து வராததற்கும் இதுவே காரணம். அது கோட்டின் மேலேயே நிற்கிறது, அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. சினிமாவிலும் லைனைத் தாண்ட வேண்டுமானால் நடுவே இப்படிக் கோட்டின் மேல் நின்று ஒரு ஷாட் எடுத்துச் செருகுவது பழைய தந்திரம்.

ஆக, ஒரே பெயர். சினிமாவில் அது கோட்டை மதித்து எடுக்கிற ஷாட், விளையாட்டில் கோட்டை மீறி எடுக்கிற ஷாட். உங்கள் நண்பர் சொன்னது தவறில்லை. அவர் தொழிலில் அது சரி. சினிமாவிலும் பேச்சுவழக்கில் கேமராவை முழுதாகத் திருப்பி, அறையின் மறுபக்கத்தைக் காட்டுவதற்கும் ரிவர்ஸ் என்று சொல்லிவிடுவது உண்டு. அந்தத் தளர்ந்த பொருள்தான் விளையாட்டின் பொருளுக்கு நெருக்கம். சினிமாவிலிருந்துதான் டிவிக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். டிவி வருவதற்கு முன்பே சினிமாவில் ரிவர்ஸ் பழகிவிட்டது, தொடக்ககால டிவிக்காரர்களின் கேமரா பாஷையில் பாதி சினிமா பாஷை. ஊகத்தை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. சினிமாவில் ரிவர்ஸ் வரும்போது நேரம் முன்னால் போகிறது. ஒருவர் கேட்கிறார், ரிவர்ஸில் மற்றவர் பதில் சொல்கிறார். ஆனால் படப்பிடிப்பில் நேரம் அப்படி ஓடியிருக்காது. ஒரு பக்கத்து ஷாட்களையெல்லாம் முடித்துவிட்டு, லைட்டை மாற்றி வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு கவுண்ட்டர் எடுப்போம். எதிரே பேசிய நடிகர் அதற்குள் கிளம்பியிருப்பார். உதவி இயக்குநர் யாராவது வசனத்தைப் படிப்பார், அதைப் பார்த்து இவர் கண் கலங்குவார். விளையாட்டில் நேர் எதிர். அங்கே ரிவர்ஸ் கேமரா அதே நொடியில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் திரையில் வரும்போது நேரம் பின்னால் போகிறது. நடந்து முடிந்த ஒன்றை மறுபடி, வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஒன்றில் நேரம் பொய், திசை உண்மை. மற்றதில் நேரம் உண்மை, திசைதான் நம்மை ஏமாற்றும்.

பார்ப்பவரை ஏமாற்றிவிடக் கூடாது என்ற இந்தக் கவலை ரீப்ளே பிறந்த அன்றே தொடங்கியது. 1963 டிசம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவில் ராணுவ, கடற்படை அணிகள் மோதிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில், சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக டோனி வெர்னா என்பவர் உடனடி ரீப்ளேயை முதன்முதலாகக் காட்டினார். நடந்த அதே வேகத்தில், அதே காட்சி. இது நேரலை இல்லை, ராணுவ அணி மறுபடியும் புள்ளி எடுக்கவில்லை என்று வர்ணனையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை டிவியில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லையே! இன்று ரீப்ளேக்கு முன்னும் பின்னும் போட்டியின் லோகோ சுழன்று போவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. ரிவர்ஸ் ஆங்கிள் எழுத்து அதற்கு மேல் இன்னொரு எச்சரிக்கை: நேரம் மட்டுமல்ல, பக்கமும் மாறியிருக்கிறது.

சரி, குழப்பம் வரும் என்று தெரிந்தும் எதற்கு அந்தப் பக்கம் ஒரு கேமரா? உடம்பு மறைக்கும் என்பதால்தான். பெனால்டி பகுதியில் தடுப்பாளர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றால், பந்து கையில் பட்டதா மார்பில் பட்டதா என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்லவே முடியாது. கபடியில் இது இன்னும் அதிகம். ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும்போது பின்னங்கால் தூக்கியிருந்தால்தான் போனஸ் புள்ளி; தூக்கியிருந்ததா என்பதை மறைக்க கார்னர் ஆட்டக்காரரின் ஒரு தொடை போதும். நான் உட்கார்ந்த கபடி நேரலைகளில் மறுபக்கக் கேமரா இல்லாத நாட்களில்தான் சண்டை அதிகம்.

ரிவர்ஸ் படம் பல சமயம் பார்க்க அழகில்லாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. கால்பந்து மைதானங்களில் பிரதான ஸ்டாண்டைப் பொதுவாக மேற்கில் வைப்பார்கள். மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், கேமராவுக்கும் நல்லது, விஐபிகளுக்கும் நல்லது. எதிர்ப்பக்கக் கேமரா அப்போது சூரியனைப் பார்த்து எடுக்கும். படம் வெளிறிப்போகும், முகங்கள் இருட்டடிக்கும். விளம்பரப் பலகைகளும் பிரதான கேமராவைப் பார்த்தபடிதான் இருக்கும், காசு கொடுத்தவருக்கு அதுதானே வேண்டும். ரிவர்ஸில் பின்னணியாக பயிற்சியாளர்கள் உட்காரும் பெஞ்சும் பிரதான ஸ்டாண்டும் வந்துவிடும். எழுத்து இல்லாவிட்டாலும் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் நம்மவர்களுக்கு அதைச் சொன்னால்தான் விஷயம் முழுதாகும். கிரிக்கெட்டில் கோடு பிட்ச்சின் நீளவாக்கில், பவுலரிலிருந்து பேட்ஸ்மேனுக்கு. பிரதான கேமரா அந்தக் கோட்டின் மேலேயே, பவுலரின் கைக்குப் பின்னால் உயரத்தில் நிற்கிறது. ஒரு ஓவர் முடிந்தால் அடுத்த ஓவர் மறுமுனையிலிருந்து. அப்போது ஒளிபரப்பு மறுமுனைக் கேமராவுக்குத் தாவிவிடுகிறது. அதாவது ஆறு பந்துக்கு ஒருமுறை முழு மைதானமும் 180 டிகிரி திரும்புகிறது. இடப்பக்கம் இருந்த பெவிலியன் வலப்பக்கம் போகிறது. கால்பந்தில் இப்படிச் செய்தால் ஆட்களுக்குத் தலை சுற்றும். கிரிக்கெட்டில் யாரும் கவனிப்பதுகூட இல்லை.

ஏனென்றால் கிரிக்கெட் ரசிகர் நினைவில் வைத்திருப்பது மைதானத்தை அல்ல, பேட்ஸ்மேனை. வலக்கை ஆட்டக்காரரின் ஆஃப் சைடு எந்த முனையிலிருந்து வீசினாலும் திரையில் இடப்பக்கம்தான். கவர், மிட்விக்கெட், தேர்ட் மேன் எல்லாமே அவரை வைத்துச் சொல்லும் இடங்கள், ஸ்டாண்டை வைத்து அல்ல. ஆனால் தொடக்கத்தில் இப்படி இல்லை. ஒரே முனையில்தான் கேமரா. ஒரு ஓவர் பேட்ஸ்மேனின் முகம், அடுத்த ஓவர் விக்கெட் கீப்பரின் முதுகு. பழைய டெஸ்ட் பதிவுகளைத் தேடிப் பாருங்கள், சீக்கிரமே எரிச்சல் வரும். 1977இல் ஆஸ்திரேலியாவில் சேனல் நைன் முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய வேர்ல்டு சீரிஸ் கிரிக்கெட் போட்டிகளை அந்தச் சேனல் ஒளிபரப்பியபோதுதான் இரண்டு முனையிலும் கேமரா வைப்பது வழக்கமானது. என் கணக்கில் கிரிக்கெட் ஒளிபரப்பில் நடந்த மாற்றங்களில் இதற்கு இணை இல்லை. ஸ்டம்ப் கேமரா, ட்ரோன் எல்லாம் அப்புறம்தான்.

கிரிக்கெட்டில் கோட்டை நிஜமாகத் தாண்டுவது ரன் அவுட்டின்போது. கிரீஸுக்கு நேராக இரண்டு பக்கமும் கேமரா இருக்கும். ஒன்றில் பேட்ஸ்மேன் இடமிருந்து ஓடி வருவார், மற்றதில் வலமிருந்து. ஒரு பக்கத்தில் பவுலரோ அம்பயரோ மறைத்தால் மூன்றாவது அம்பயர் மறுபக்கத்தைக் கேட்பார். 1992 நவம்பரில் டர்பன் டெஸ்ட்டில் டிவி ரீப்ளே பார்த்து முதன்முதலாக ரன் அவுட் கொடுக்கப்பட்டவர் சச்சின் டெண்டுல்கர். அன்றிலிருந்து இந்தப் பக்கவாட்டுக் கேமராக்கள் வெறும் காட்சிக்கு இல்லை, தீர்ப்புக்கு.

தீர்ப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டான்: ‘அண்ணே, ரிவர்ஸ் படத்தை அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டா திசை சரியாயிடுமே?’ சினிமாவில் செய்வோம். லுக் தப்பிப்போன ஷாட்டை எடிட்டர் ஃப்ளிப் செய்து காப்பாற்றுவது உண்டு. சட்டைப் பை எந்தப் பக்கம், வகிடு எந்தப் பக்கம், வாட்ச் எந்தக் கை, பின்னால் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல எடிட்டர் செய்தால் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் நினைத்தே பார்க்கக் கூடாது. ஜெர்சி நம்பர் இடவலம் மாறிவிடும் என்பது சின்ன விஷயம். இடது காலால் அடித்தது வலது கால் ஆகிவிடும், வலது கையில் பட்டது இடது கையில் பட்டதாகும். அங்கே படம் சாட்சி. சாட்சியைத் திருத்தக் கூடாது, பெயர் எழுதி ஒட்டலாம். அதனால்தான் எழுத்து.

இனி கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. கோட்டைத் தாண்டினால் பார்ப்பவர் கட்டாயம் குழம்புவார் என்று பாடப் புத்தகம் சொல்லும். அவ்வளவு உறுதியாக நான் சொல்ல மாட்டேன். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இந்தக் கோட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தியதே இல்லை. பேசுகிற இருவரையும் கிட்டத்தட்ட நேருக்கு நேராக எடுத்தார், இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலக்கூட வரும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் 1939ஆம் வருடத்து ‘ஸ்டேஜ்கோச்’ படத்தின் துரத்தல் காட்சியில் குதிரை வண்டி நடுவே திசை மாறி ஓடும். அந்தக் காட்சி இன்றும் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது.

விளையாட்டிலும் அப்படித்தான். மைதானத்தின் பக்கவாட்டு எல்லைக்கோட்டோரத்தில் நிற்கும் கைக்கேமரா பயிற்சியாளரைக் காட்டும்போது அது பிரதான ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பிரதான கேமராவின் வலப்பக்கமாகத் தாக்கும் தன் அணியைப் பார்க்கிறவர், திரையில் இடப்பக்கம் பார்ப்பார். நேரலையில் இது அடிக்கடி வருகிறது, எந்த எழுத்தும் போடுவதில்லை, யாரும் புகார் சொன்னதில்லை. தலைக்கு மேல் கம்பியில் ஓடும் ஸ்பைடர் கேமரா ஒரே ஷாட்டில் கோட்டைத் தாண்டிப் பறந்து வரும். அது நகர்வதை நாமே பார்க்கிறோம் என்பதால் தொந்தரவு இல்லை. குத்துச்சண்டையில் இருவரும் சுற்றிக்கொண்டே இருப்பதால் கோடே நிலையாக இருப்பதில்லை. சிவப்பு மூலை, நீல மூலை என்ற நிறம்தான் வழிகாட்டி. என் அனுபவத்தில், குழப்பம் வருவது பார்ப்பவர் திசையை மட்டுமே நம்பி ஆட்டத்தைப் பின்தொடரும்போதுதான். வேறு பிடிமானம் இருந்தால், அது நிறமோ முகமோ பேட்ஸ்மேனோ, கோடு அவ்வளவு பெரிய விஷயமில்லை.

தடகளம் இதற்கு நல்ல சோதனை. ஓட்டப்பாதையில் எல்லோரும் இடஞ்சுழியாக ஓடுவதால், பிரதான ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் முடிவுக்கோடு இருக்கும் நேர்ப்பாதையில் இடமிருந்து வலம், எதிர் நேர்ப்பாதையில் வலமிருந்து இடம். 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே கேமரா விடாமல் பின்தொடர்ந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நடுவே மைதானத்துக்கு உள்ளிருக்கும் கேமராவுக்கு வெட்டினால் ஓடுகிறவர்கள் சட்டென்று திரும்பி ஓடுவதுபோல் ஆகிவிடும். முடிந்தவரை நான் வளைவில், அவர்கள் கேமராவை நோக்கி வரும்போது வெட்டுவேன். கோலுக்குப் பின்னால் இருக்கும் கேமரா செய்யும் வேலையை அங்கே வளைவு செய்துவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன், இந்தக் கேள்விக்கு வந்த மற்ற பதில்களில் யாரோ இழுத்திருந்தார்கள். கிரிக்கெட்டின் ரிவர்ஸ் ஸ்வீப், ரிவர்ஸ் ஸ்விங் இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவை ஆட்டக்காரரும் பந்தும் செய்கிற வேலை, இது கேமரா நிற்கும் இடம்.

எழுத்தை எல்லா ஒளிபரப்பும் போடுவதில்லை. கேமரா குறைவாக இருந்த காலத்தில் ஒரே ஒரு ரீப்ளே மட்டும் மறுபக்கத்திலிருந்து வரும், அதனால் தனித்துத் தெரிந்தது. இப்போது பெரிய போட்டிகளில் ஒரு கோலுக்கே கோலுக்குப் பின்னால், மேலே, தரையோடு, மறுபக்கம் என்று வரிசையாக வருகிறது. அதில் எதற்கென்று எழுத்துப் போடுவது என்று சில இயக்குநர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் போடச் சொல்வேன், குறிப்பாக ஆஃப்சைடு, ஹேண்ட்பால் மாதிரி சர்ச்சைக்குரிய ரீப்ளேக்கு. அங்கே பார்ப்பவர் எந்தக் கை, எந்தக் கால் என்று தேடிக்கொண்டிருப்பார். முதல் இரண்டு நொடி திசையைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விட்டால், பார்க்க வேண்டியது அதற்குள் முடிந்துவிடும்.